தோண்டாமலே தெரிந்த ஊர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)

முன்னுரை

சந்தையில் பலாப்பழம் வாங்கும்போது என் பாட்டி முதலில் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். 'டொக் டொக்' என்று ஒலித்தால் காய். 'தொப் தொப்' என்று ஒலித்தால் பழம். வியாபாரி கத்தியை எடுப்பதற்கு முன்பே பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவார். "வெட்டிய பிறகு காய் என்று தெரிந்தால் மறுபடி ஒட்டவா முடியும்?" என்பது அவர் கேள்வி.

அன்புத் தோழியரே! புதைபொருள் ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே கவலைதான். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஊரை ஒரே ஒரு முறைதான் தோண்ட முடியும். புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படித்தவுடன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதைப் போன்றது அகழாய்வு. மேல் அடுக்கை அகற்றினால்தான் கீழ் அடுக்கு தெரியும்; அகற்றிய அடுக்கை யாராலும் திரும்ப வைக்க இயலாது. அதனால் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல, தோண்டாமலே மண்ணைக் கேட்டறியும் வழி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்த வழிக்குப் புவி இயற்பியல் ஆய்வு என்று பெயர். அது வளர்ந்த கதையை, இங்கிலாந்தில் ரோமர் காலத்துச் சாலையோரம் இருந்த ஓர் ஊரைக் கொண்டு விளக்க முயல்கிறேன். அந்த ஊரின் பெயர் டுரோபிரிவே.

சாலை பெற்ற பிள்ளை

கி.பி. 43-ஆம் ஆண்டில் ரோமப் படைகள் பிரிட்டனுக்குள் நுழைந்தன. கி.பி. 410 வரை, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள், அந்நாட்டின் பெரும்பகுதி ரோமர் ஆட்சியில் இருந்தது. வந்தவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று சாலை போடுவது. லண்டனிலிருந்து லிங்கன் வழியாக வடக்கே யார்க் வரை செல்லும் சாலை அவற்றுள் முக்கியமானது. பிற்காலத்தார் அதற்கு 'எர்மின் வீதி' என்று பெயரிட்டனர். இந்தச் சாலை நீன் என்னும் ஆற்றைக் கடக்கும் இடத்தில் ரோமர்கள் சிறு கோட்டை ஒன்றைக் கட்டினர். கோட்டை இருந்தால் வீரர்கள் இருப்பார்கள். வீரர்கள் இருந்தால் அவர்களுக்கு ரொட்டியும் செருப்பும் சட்டிபானையும் விற்க ஆட்கள் வருவார்கள். படை நகர்ந்து போன பிறகும் வண்டிக்காரர்களும் வணிகர்களும் தூதர்களும் அந்தச் சாலையில் வந்துகொண்டேயிருந்தனர். கடைக்காரர்கள் அங்கேயே தங்கிவிட்டனர். இப்படிப் பிறந்ததுதான் டுரோபிரிவே. 'பாலத்தருகே உள்ள கோட்டை' என்பது பிரிட்டன் மக்களின் பழைய மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள். இன்றைய பீட்டர்பரோ நகருக்கு மேற்கே, வாட்டர் நியூட்டன் என்ற சிற்றூரின் அருகே அதன் எச்சம் மண்ணுக்குள் இருக்கிறது.

பெரிய ரோம நகரங்களில் தெருக்கள் சதுரங்கப் பலகை போல நேராக வெட்டிக்கொள்ளும். டுரோபிரிவே அப்படி யாரும் வரைபடம் போட்டுக் கட்டிய ஊர் அன்று. நடுவே எர்மின் வீதி நேராகப் போகும். அதிலிருந்து சந்துகள் மனம்போனபடி கிளை பிரியும். இத்தகைய சாலையோர ஊர்களில் வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தன. சாலையைப் பார்த்த முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்பக்கம் பட்டறை, கிணறு, குப்பைக் குழி. எல்லோருக்கும் சாலையில் ஒரு முகப்பு வேண்டும் அல்லவா? அதனால்தான் அந்த நீள வடிவம்.

நல்ல களிமண்ணும் விறகும் ஆற்றுப் போக்குவரத்தும் ஒரே இடத்தில் கிடைத்ததால், 2-ஆம் நூற்றாண்டு முதல் இந்த வட்டாரம் மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போனது. கரும் பூச்சுப் பூசி, அதன்மேல் முயலையும் மானையும் நாய்கள் துரத்தும் காட்சியைப் புடைப்பாக வைத்த கிண்ணங்கள் இங்கிருந்து பிரிட்டனின் பல பகுதிகளுக்கும் சென்றன. அரைப்பதற்குப் பயன்படும் ஒரு வகைச் சட்டியில் ஒரு குயவர் தம் பெயரையே எழுதி வைத்திருக்கிறார். டுரோபிரிவேயில் சென்னியானுஸ் என்பவர் அதைச் சுட்டார் என்பது அந்த எழுத்தின் செய்தி. அரசர் பெயரும் தளபதி பெயருமே நிறைந்த வரலாற்றில் ஒரு குயவரின் பெயர் கிடைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. பிற்காலத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுந்தது. மதிலுக்குள் மட்டும் ஏறத்தாழ 44 ஏக்கர். மதிலுக்கு வெளியேயும் வீடுகளும் சூளைகளும் சாலையோரமாக நெடுந்தூரம் பரவிக் கிடந்தன.

காயம்பட்ட ஊர்

ரோமர் ஆட்சி முடிந்ததும் ஊர் தேய்ந்தது. அதன்பின் அதற்கு ஏற்பட்ட காயங்கள் பல.

முதலாவது, கல் திருட்டு. ஆளில்லாத ஊரின் சுவர்க் கற்களைப் பின்வந்தவர்கள் பெயர்த்துத் தம் கட்டடங்களுக்கு எடுத்துச் சென்றனர். இரண்டாவது, உழவு. நூற்றாண்டுக் கணக்கில் ஏர் ஓடியது. பிறகு டிராக்டர் வந்தது. இழுவைக் கலப்பை அதைவிட ஆழமாகக் கீறும். ஒவ்வோர் ஆண்டும் தரையின் மேல் அடுக்கு புரட்டப்பட்டு, ரோமர் காலத்துத் தளங்கள் துண்டு துண்டாக மேலே வந்தன. மூன்றாவது, பழங்காலத்து அகழாய்வு. 1820-களில் எட்மண்ட் டைரல் ஆர்டிஸ் என்பவர் இங்கே சூளைகளையும் வீடுகளையும் தோண்டி, அழகான படங்களுடன் 1828-இல் நூல் வெளியிட்டார். அவர் அக்கறையோடு உழைத்தவர். ஆயினும் மண் அடுக்குகளைப் படிக்கும் முறை அக்காலத்தில் வளர்ந்திருக்கவில்லை. நான்காவது, நெடுஞ்சாலை. லண்டனையும் வடபுலத்தையும் இணைக்கும் ஏ-1 சாலை இந்த ஊரின் ஓரமாகவே செல்கிறது. 1950-களில் அதை அகலப்படுத்தத் திட்டமிட்டபோது, பழைய சூளைகள் சில அந்தப் பாதையிலேயே அகப்பட்டுக்கொண்டன. ஐந்தாவதாகப் புதையல் தேடுவோர். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகு அங்கே என்ன மிச்சம் இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். விடை கலப்பைக்குக் கீழே இருக்கிறது. சுவரும் தளமும் மேலே இருந்தன, அவை அடிபட்டன. ஆனால் கிணறு, அகழி, குப்பைக் குழி, சூளையின் அடிப்பாகம் ஆகியவை தரையைக் குடைந்து இறங்கியவை. கலப்பையின் நாக்கு அவற்றின் தலையைத்தான் சீவியது. உடல் அப்படியே உள்ளே இருக்கிறது.

பயிர் எழுதிய வரைபடம்

கருவிகள் வருவதற்கு முன்பே ஒரு துப்புக் கிடைத்தது. எங்கள் பாட்டி வீட்டுப் பின்கட்டில் வட்டமாக ஓரிடத்தில் மட்டும் புல் கோடையிலும் பச்சையாக இருக்கும். அங்கே தூர்ந்துபோன உறைகிணறு ஒன்று இருப்பதாகப் பாட்டி சொல்வார். தளர்ந்த மண்ணில் ஈரம் தங்கும், வேர் ஆழமாக இறங்கும், அதுவே காரணம்.

இங்கிலாந்தின் கோதுமை வயல்களிலும் இதுவே நடக்கிறது. பழைய அகழியின் மேலுள்ள பயிர் உயரமாகவும் பச்சையாகவும் நிற்கும். கற்சுவரின் மேலுள்ள பயிர் வாடி, முன்னதாகவே மஞ்சள் பூக்கும். தரையில் நிற்பவருக்கு இது புலப்படாது. விமானத்திலிருந்து பார்த்தால் கோடுகள் ஒன்று சேர்ந்து தெருவாகவும் வீடாகவும் தெரியும். 1920-களில் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு என்ற அறிஞர் இம்முறையை வளர்த்தார். டுரோபிரிவேயின் தெருக்களை முதலில் முழுமையாகக் காட்டியவை வானிலிருந்து எடுத்த படங்களே. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லாப் பயிரும் ஒரே பச்சைதான். வறட்சி வரும்வரை காத்திருக்க வேண்டும். சாலை போடுகிறவர்கள் அதுவரை காத்திருப்பார்களா?

மண்ணுக்குக் காந்தம் வந்த கதை

ஆய்வுக்கூடத்தில் நாம் காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவியது நினைவிருக்கும். தூள் தானாகவே கோடு கோடாக அணிவகுத்து நின்றதைக் கண்டு வியந்தோம். பூமியும் ஒரு பெரிய காந்தமே. அதன் புலத்தில் சூளையின் களிமண்ணும் இப்படித்தான் அணிவகுக்கிறது.

களிமண்ணில் இரும்பு ஆக்சைடு சிறு துகள்களாகக் கலந்திருக்கிறது. செங்கலின் சிவப்புக்கு அதுவே காரணம். பச்சைக் களிமண்ணில் இத்துகள்களின் காந்தத் தன்மை ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கும். மண்ணை 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அவற்றின் பழைய ஒழுங்கு முற்றிலும் கலைந்துவிடும். பிறகு சூளை மெல்ல ஆறும்போது, அவை பூமியின் காந்தப் புலம் காட்டும் திசையில் ஒன்றாக அணிவகுத்து, அந்நிலையிலேயே உறைந்துவிடும். சென்னியானுஸ் சூளையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவருக்குத் தெரியாமல் அந்தச் சூளையின் சுவர் அன்று ஒரு காந்தமாகிவிட்டது. பதினெட்டு நூற்றாண்டுகள் ஆகியும் அது மாறவில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. மனிதர் வாழ்ந்த இடத்து மேல்மண்ணே சற்றுக் கூடுதலாகக் காந்தத் தன்மை பெறுகிறது. அடுப்பு எரிவதாலும், இலைதழை அழுகுவதாலும், வலுவற்ற ஹேமடைட் துகள்கள் வலுவான மேக்னடைட் வகையாக மாறுகின்றன. 1955-இல் லெ போர்ன் என்ற பிரெஞ்சு அறிவியலர் இதனை எடுத்துக் காட்டினார். அப்படிப்பட்ட மண் ஒரு பழைய குழியிலோ அகழியிலோ சரிந்து நிரம்பினால், சுற்றியுள்ள அடிமண்ணைவிட அந்தக் குழி தனித்துத் தெரியும். சுருங்கச் சொன்னால், அடுப்புச் சாம்பலும் குப்பையும் காந்த மொழியில் பேசுகின்றன. அதைக் கேட்கக் காது வேண்டும்.

1958-ஆம் ஆண்டு மார்ச் மாதம்

அந்தக் காது ஆக்ஸ்போர்டில் உருவானது. அங்கே 1955-இல் தொல்பொருள் ஆராய்ச்சிக்கென்றே ஓர் அறிவியல் ஆய்வகம் தொடங்கியிருந்தார்கள். மார்ட்டின் ஐட்கன் என்ற இயற்பியலறிஞர் அதில் பணியாற்றினார். ஏ-1 சாலைப் பணியால் அழியவிருந்த சூளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்பது கிரகாம் வெப்ஸ்டர் என்ற அகழாய்வாளரின் ஆவல். சூளையின் காந்தத்தைத் தரைக்கு மேலிருந்தே அளக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. ஐட்கன் குழுவினர் 'புரோட்டான் காந்தமானி' என்னும் கருவியுடன் வாட்டர் நியூட்டன் வயலில் இறங்கினர்.

கருவியின் இதயம் எது தெரியுமா? ஒரு புட்டித் தண்ணீர்! தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களில் உள்ள புரோட்டான்கள் சிறு பம்பரங்கள் போலச் சுழல்பவை. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். புட்டியைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சினால் அவை ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். மின்சாரத்தை நிறுத்தியதும், வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுவது போல, பூமியின் காந்தப் புலத்தைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். இங்கிலாந்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 2,000 ஆட்டங்கள். புலம் வலுவாக இருந்தால் ஆட்டம் வேகமாகும். எத்தனை ஆட்டம் என்று எண்ணினால், அந்த இடத்தில் புலம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

வயலைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் புட்டியை வைத்து, எண்ணை எழுதிக்கொண்டே சென்றனர். எண் திடீரென எகிறிய இடத்தைத் தோண்டிப் பார்த்தால், சூளை! அது மட்டுமல்ல, சூளை இல்லாத சில இடங்களிலும் எண் கூடியது. அங்கே இருந்தவை சாதாரணக் குழிகள். சுட்ட மண் மட்டுமன்றிக் குப்பைக் குழியும் கருவிக்குத் தெரிகிறது என்பது அப்போது களத்திலேயே உறுதியாயிற்று. சூளை தேடப் போனவர்களுக்கு ஊரையே தேடும் வழி கிடைத்தது. புரோட்டான் காந்தமானி தொல்பொருள் ஆய்வில் முதன்முதலாக வெற்றி கண்டது அந்தச் சாலையோர வயலில்தான்.

இந்த அளவை எவ்வளவு நுட்பமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தில் பூமியின் புலம் சுமார் 50,000 நானோ டெஸ்லா. ஒரு பழைய குழி அதில் ஏற்படுத்தும் மாற்றம் 5 நானோ டெஸ்லாவாகக்கூட இருக்கலாம். ஐந்நூறு ரூபாயில் ஐந்து பைசா குறைகிறதா, கூடுகிறதா என்று பார்ப்பதைப் போன்றது அது! பூமியின் புலமோ ஒரே நாளில் அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். இதைச் சமாளிக்க இப்போதைய கருவிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உணர்விகள் உள்ளன. பொதுவான ஏற்ற இறக்கம் இரண்டிலும் சமமாக வரும், கழித்தால் மறைந்துவிடும். மண்ணிலிருந்து வருவது கீழ் உணர்விக்கு அருகில் இருப்பதால், அது மட்டும் மிஞ்சும். கருவியைச் சுமந்து நடப்பவர் உடலில் இரும்பே இருக்கக் கூடாது. சாவி, பெல்ட் கொக்கி, ஆணியடித்த காலணி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நம் வகுப்பை அனுப்பினால், கொண்டை ஊசிக்கும் ஊக்குக்குமே அரை நாள் போய்விடும்!

மின்சாரமும் ரேடாரும்

காந்தமானிக்கு அக்காள் ஒருத்தி உண்டு. அது மின்தடை ஆய்வு. 1946-இல் ரிச்சர்டு அட்கின்சன் என்பவர் ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள டார்செஸ்டரில் இதைக் கையாண்டார். நாம் படிக்கும் ஓம் விதிதான் இதற்கு அடிப்படை. நான்கு உலோகக் கம்பிகளைத் தரையில் குத்தி, இரண்டின் வழியாக மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். ஈரமண் மின்சாரத்தை எளிதில் கடத்தும், கல் தடுக்கும். ஆகவே தடை கூடினால் கீழே சுவரோ கல்பாவிய தளமோ இருக்கலாம். குறைந்தால் அகழியாகவோ குழியாகவோ இருக்கலாம்.

மூன்றாவது, தரையை ஊடுருவும் ரேடார். ரேடியோ அலைத் துடிப்பைக் கீழே அனுப்பி, அது எதில் மோதி எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்பது. நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. இத்தாலியில் அமெரினா சாலையில் உள்ள ஃபலேரி நோவி என்ற ரோம நகரின் மதிலுக்குள் அடங்கிய 30.5 ஹெக்டேரையும் இம்முறையில் ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கோயில், சந்தைக் கட்டடம், குளியல் மண்டபம் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தன. ஆனால் ஈரக் களிமண் ரேடார் அலையை விழுங்கிவிடும். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு மருந்து. அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

காயத்தையே படிப்பது

சிதைந்த ஊரின் வரைபடத்தை எப்படிப் படிக்கிறார்கள்? எனக்கு மிகவும் சுவையாக இருந்த பகுதி இதுதான்.

அளவுகளைக் கணிப்பொறியில் ஏற்றினால் கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கிறது. காந்தம் கூடிய இடம் கறுப்பு. குறைந்த இடம் வெள்ளை. இணையாக இரண்டு கறுப்புக் கோடுகள் நீண்டு போனால், அவை சாலையின் இருபுறத்து அகழிகள். நடுவே எதுவுமே இல்லாத வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடம்தான் சாலை! நடைபாதையில் யாரும் குப்பைக் குழி வெட்ட மாட்டார்கள் அல்லவா? கோடுகளுக்கு வெளியே கட்டம் கட்டமாக வீட்டு மனைகள். அவற்றின் பின்புறம் கறுப்புப் புள்ளிகளாகக் குழிகள். மிக வலுவாக, பொட்டு வைத்தாற்போல இருப்பவை சூளைகளோ உலைகளோ ஆகலாம்.

இனி காயங்கள். சுண்ணாம்புக் கல் சுவருக்குக் காந்தமே இல்லை. ஆகவே கறுத்த மண்ணின் நடுவே அது வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கல்லைப் பெயர்த்துச் சென்றவர்கள் வெட்டிய பள்ளத்தில் பிறகு மேல்மண் சரிந்து நிரம்பியிருக்கும். மின்தடை அங்கே குறைவாகக் காட்டலாம். அதாவது திருட்டுப் போன சுவரும் தன் வடிவத்தை விட்டுச் சென்றிருக்கிறது! நிழல் இருக்கிறது, ஆள் இல்லை. நடுக்காலத்து உழவின் வரப்புகள் சீப்பின் பற்கள் போல வரி வரியாகத் தெரியும். உடைந்த கலப்பை முனையும் ஆணியும் கறுப்பும் வெள்ளையும் ஒட்டிய இரட்டைப் புள்ளியாகத் துள்ளும். எஃகுக் குழாய் பதித்திருந்தால் படத்தின் குறுக்கே பட்டையடித்தது போல ஒரு கோடு ஓடி, அருகிலுள்ள அனைத்தையும் மறைத்துவிடும். எது ரோமர் விட்டுச் சென்றது, எது நேற்று வந்தவர் செய்த சேதம் என்று பிரித்தறிவதில்தான் ஆய்வாளரின் திறமை இருக்கிறது.

எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கருவிக்குக் காலம் தெரியாது. இரண்டு அகழிகள் ஒன்றையொன்று வெட்டினால் மூத்தது எது என்று அது சொல்லாது. மரத்தூண் நட்ட சிறு குழியும் கல்லறையும் பல நேரங்களில் அதற்குப் புலப்படா. படத்தில் இல்லை என்பதால் மண்ணில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஆகவே படத்தைப் பார்த்து, கேள்விக்கு விடை கிடைக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு குழி வெட்டுகிறார்கள். 44 ஏக்கரையும் புரட்டுவதற்கும், தெரிந்தே நாலு குழி வெட்டுவதற்கும் எவ்வளவு வேறுபாடு!

வீடிழந்த வெள்ளி

இப்போது புதையலுக்கு வருவோம். 1975-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டுரோபிரிவேயின் உழுத வயல் ஒன்றில் வெள்ளிப் பாத்திரங்களும் தகடுகளும் கொண்ட புதையல் ஒன்று தனிமனிதர் ஒருவருக்குக் கிடைத்தது. கிண்ணங்கள், குடங்கள், இரு கைப்பிடியுள்ள ஒரு பெரிய கோப்பை, இலை வடிவில் தட்டிய மெல்லிய தகடுகள், ஒரு பொன் வில்லை. பலவற்றில் கிரேக்க மொழியில் கிறிஸ்துவின் பெயருடைய முதல் இரண்டு எழுத்துகளைப் பிணைத்த சின்னம் இருந்தது. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை அவை. ரோமப் பேரரசு முழுவதிலும் இதுவரை கிடைத்த கிறிஸ்தவ வழிபாட்டு வெள்ளிப் பொருள் தொகுதிகளில் இதுவே மிகப் பழமையானது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவற்றில் பெயர்களும் உண்டு. ஒரு கிண்ணம் புப்லியானுஸ் என்பவர் ஆண்டவரின் திருவிடத்துக்கு அளித்தது. இன்னொன்றில் இன்னொசென்சியா, விவென்சியா என்ற இரு பெண்களின் பெயர்கள். ஒரு தகட்டில் இயாம்சில்லா என்ற பெண் தாம் நேர்ந்துகொண்டதை நிறைவேற்றிய செய்தி. வேளாங்கண்ணியில் நம் அன்னையர் வெள்ளித் தகடு வாங்கி நேர்த்திக்கடன் செலுத்துவதைப் பார்த்திருக்கும் நமக்கு இயாம்சில்லா அயலார் அல்லர். பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் என்ன வேண்டிக்கொண்டாரோ! குழந்தையின் காய்ச்சலோ, கணவரின் பயணமோ!

ஆனால், தோழியரே, இங்கே ஓர் இழப்பும் இருக்கிறது. அந்த வெள்ளி எந்தக் கட்டடத்தில், எந்தத் தளத்தின் கீழ், எதன் பக்கத்தில் புதைந்திருந்தது என்ற குறிப்பு நமக்கு வரவில்லை. ஆராய்ச்சியாளர் முன்னிலையில், மண் அடுக்கோடு அது வெளிவந்திருந்தால், இன்னொசென்சியாவும் விவென்சியாவும் மண்டியிட்ட அந்தத் திருவிடம் ஒரு வீட்டு அறையா, தனிக் கோயிலா என்று நம்மால் அறிந்திருக்க முடியும். பொருள் பிழைத்தது, அதன் வீடு தொலைந்தது. இத்தகைய இழப்புகளைத் தடுக்கவே பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. புதையல் பற்றிய புதிய சட்டம் 1996-இல் வந்தது.

இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதையல் தேடுவோரின் கருவி உலோகத்துக்கு மட்டும் கூவும், கூவிய இடத்தில் குழி விழும், பொருள் போய்விடும். ஐட்கனின் காந்தமானிக்கோ வெள்ளியும் பொன்னும் தெரியவே தெரியா. அவை காந்தத்துக்கு வசப்படாதவை. அதன் கண்ணுக்குத் தெரிபவை அடுப்பு, சாம்பல், சுட்ட களிமண், ஊரார் கொட்டிய குப்பை. பொன்னைக் காணாத அந்தக் கருவிதான் ஊரைக் கண்டது. பார்த்த பிறகும் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது.

முடிவுரை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியோர் சொல்வார்கள். வெறும் வயல் என்று கண் சொன்னது. அழிந்துபோன ஊர் என்று காது கேட்டது. தீர விசாரித்தபோது சாலையும் சந்தும் சூளையும் குப்பைக் குழியும் தத்தம் இடத்தில் இருந்தன. சிதைந்துவிட்டது என்று ஓர் இடத்தைக் கைவிடுவதற்கு முன் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதே டுரோபிரிவே நமக்குத் தரும் பாடம்.

நாம் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் காந்தமும் ஓம் விதியும் தேர்வுக்கு மட்டும் என்று நான் சென்ற ஆண்டுவரை நினைத்திருந்தேன். ஒரு புட்டித் தண்ணீரைக் கொண்டு பதினெட்டு நூற்றாண்டுப் பழமையான சூளையைக் கண்டுபிடிக்கலாம் என்று தெரிந்த பிறகு அப்படி நினைக்கத் தோன்றவில்லை. ஏ-1 சாலையில் இன்று வண்டிகள் விரைந்து ஓடுகின்றன. பக்கத்து வயலில், கலப்பை எட்டாத ஆழத்தில், இன்னும் எத்தனையோ அடுப்புகள் அணைந்த நிலையில் இருக்கின்றன. அவற்றின் சாம்பலுக்குச் சொல்ல இன்னும் செய்தி உண்டு. கேட்கப் போகிறவர்களில் நம் பள்ளி மாணவி ஒருத்தியும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! போகும்போது கொண்டை ஊசியை மட்டும் மறக்காமல் கழற்றி வைத்துவிடட்டும்.